எண்ணெய் பட்ட சீட்டு

நக்லேயைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமுமில்லை, தகரமுமில்லை. அவன் ரொட்டி சுடுகிறவன். அறுபத்தொரு வருஷம் ஒரே வீட்டு வாசலைப் பார்த்துக் குனிந்தே வாழ்ந்து செத்தவன். அந்த வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து, யார் எவ்வளவு குனிகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் ஊர் கஃப்ர் தூத், பெய்ரூட்டுக்கு வடக்கே ஒரு மலைக்கிராமம். குன்றின் உச்சியில் மார் எலியாஸ் என்ற புனிதரின் கோயில், அதற்குக் கீழே தலைமுறை தலைமுறையாக ஊரை ஆளும் பெக்குகளின் கல்வீடு, அதற்கும் கீழே நாங்கள். ஊருக்குக் காவல் கையில் கத்தியோடு நிற்கும் மார் எலியாஸ்தான் என்று சாமியார் ஞாயிறுதோறும் சொல்லுவார். மார் எலியாஸ் யாருக்கும் ஆஸ்பத்திரியில் கட்டில் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது பெக் வேலை. கோயில் மணியிலேயே பெரிய பெக்கின் பெயரைப் பொறித்துத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். சாவுக்கு அடித்தாலும் சரி, கல்யாணத்துக்கு அடித்தாலும் சரி, மணி யார் கொடுத்தது என்பது எங்களுக்கு மறந்துவிடக் கூடாது.

நக்லே பிறக்கும் முன்பே அவர்கள் கையில் மாட்டிக்கொண்டவன். அவன் அம்மாவுக்கு வலி கண்டு குழந்தை குறுக்கே கிடந்தபோது, ஊரில் இருந்த ஒரே கார் பெரிய பெக்கின் கார். அதில்தான் அவளைத் திரிப்போலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞானஸ்நானத்துக்குப் பெரிய பெக்கே ஞானத்தகப்பன். அவர் நாற்பது குழந்தைகளுக்கு ஞானத்தகப்பன். எல்லோருக்கும் ஒரே கடையில் வாங்கிய வெள்ளிச் சிலுவை. நாற்பது சிலுவையும் வளர்ந்து ஓட்டுப் போடும் என்று அவருக்குத் தெரியாதா?

நக்லேக்கு இருபது வயதானபோது சதுக்கத்தில் அடுப்புப் போட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அப்போது அங்கே ஏற்கெனவே ஓர் அடுப்பு இருந்தது. அதன் சொந்தக்காரன் ஹன்னா ஒரு தப்புச் செய்திருந்தான்: பெக்கின் எதிராளி வீட்டுச் சாவுக்குத் துக்கம் கேட்கப் போய், அங்கே இரண்டாவது கோப்பைக் காப்பியும் குடித்துவிட்டான். முதல் கோப்பையை மன்னித்திருப்பார்கள். அந்த வாரமே நக்லேக்கு அனுமதி வந்தது. கல்வீட்டிலிருந்து தினம் முப்பது ரொட்டி வாங்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். கல்வீடு எங்கே ரொட்டி வாங்குகிறதோ அங்கே வாங்காதவன் எவன்? குளிர்காலம் முடிவதற்குள் ஹன்னா அடுப்பை இடித்துவிட்டு பெய்ரூட்டுக்குப் போய்விட்டான். நக்லே அதற்காக ஒரு நாளாவது வருத்தப்பட்டானா? "ஜனங்களோட ஆதரவு" என்று சொல்லிக் கொண்டான். ஜனங்களாம்!

அவனுக்கு ஒரு திறமை இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவான். மார் எலியாஸ் திருவிழாவில் தம்பட்டத்தைக் கையில் எடுத்தான் என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வாயடைத்துப் போவார்கள். சின்ன வயதில் பனியைப் பற்றி, பெண்களைப் பற்றி, ஓடிப்போன கழுதையைப் பற்றியெல்லாம் பாடுவான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஒரு வருஷம் பெரிய பெக் அவனைக் கூப்பிட்டுத் தன் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினார். அன்றோடு கழுதைப் பாட்டுப் போச்சு. "மேகத்தைக் கேட்டால் மழை தரும், பெக்கைக் கேட்டால் மேகம் தருவார்" என்று ஆரம்பித்தவன்தான், பிறகு நாற்பது வருஷம் அதே மேகம், அதே மழை. கடிகாரம் நான்காவது வருஷம் நின்றுபோனது. கழற்றவே இல்லை.

பெரிய பெக் செத்து அவர் மகன் ஷுக்ரி பெக் வந்தார். நக்லேயைவிடப் பதின்மூன்று வயது இளையவர். வந்த முதல் நாளே நக்லேயின் கன்னத்தில் தட்டி, "டேய் நக்லே, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றார். நக்லே முகமெல்லாம் பல்லாக, "நீங்கதான் என்னைப் புதைக்கணும், பெக் ஐயா" என்றான். எனக்குப் பின்னாலும் நீங்கள் வாழணும் என்று அர்த்தம்; எங்கள் பக்கத்தில் அது பிரியமான பேச்சு. ஆனாலும் அந்தக் கன்னத்தட்டலைப் பார்த்து எனக்குக் கூசியது. நான் மட்டும் என்ன யோக்கியன்? பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு யார் வாங்கிக் கொடுத்தது? என் கன்னத்திலும் தட்டத்தான் தட்டினார்.

நக்லேக்கும் வதீஹாவுக்கும் ஒரே பெண், ரேமோந்தா. கடை மேடையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தே வளர்ந்தது. ஆசிரியர் தேர்வில் மாவட்டத்திலேயே மூன்றாவதாக வந்தது. வந்து என்ன? இரண்டு வருஷமாக அந்தப் பட்டியல் ஏதோ மந்திரியின் மேஜை இழுப்பறையில் தூங்கியது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம், ஒரே ஓர் இடம், காலியாக இருந்தது. அந்த இழுப்பறையைத் திறக்க ஷுக்ரி பெக் ஒரு தொலைபேசி செய்தால் போதும்.

"தேர்தல் முடியட்டும்டா நக்லே. உன் பொண்ணு எனக்குப் பொண்ணு இல்லையா?" என்றார் பெக்.

நக்லே கடைக்கு வந்து போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான். ரேமோந்தாவுக்கு ஒரு கறுப்புக் கைப்பையும் வாங்கிக் கொடுத்தான், டீச்சர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி.

அந்த நகராட்சித் தேர்தலில் பெக்கின் மச்சான் தலைமையில் பதினைந்து பேர் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் ஓட்டுச்சீட்டு அரசாங்கம் கொடுப்பதில்லை; வேட்பாளர்கள் அச்சடித்துக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலைத்தான் பெட்டியில் போடுவார்கள். அந்தச் சீட்டுகளை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கும் வேலை என்னுடையது. எங்கள் சீட்டு எப்படி என்றால், பதினைந்து பெயர்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரிசை வேறு. நக்லே வீட்டுச் சீட்டில் மருந்துக்கடை ஜோசப்பின் பெயர் நான்காவது. என் தங்கை தமாம் வீட்டுச் சீட்டில் அதே பெயர் ஒன்பதாவது. பெட்டியைத் திறந்து அதிகாரி ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படிப்பார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, எந்த வீட்டுச் சீட்டு வந்தது, எது வரவில்லை என்று நோட்டில் கோடு போடுவேன். ரகசிய வாக்கெடுப்பு என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். நான் அதற்குக் கீழேதான் உட்காருவேன். ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை என்பதால், எந்த வீட்டில் ஆண் துரோகம் செய்தான், எந்த வீட்டில் பெண் செய்தாள் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

ஜனங்களுக்கு இது அரைகுறையாகத் தெரியும். ஏதோ அடையாளம் இருக்கிறது என்று பயம், என்ன அடையாளம் என்று தெரியாது. பயம்தான் வேண்டும், விவரம் வேண்டாம் என்பார் பெக். அதனால் ஒரு வீட்டில் எத்தனை ஓட்டோ அத்தனை சீட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒன்றுகூட அதிகம் கூடாது. நக்லே வீட்டுக்கு மூன்று கொடுத்தேன். தமாம் வீட்டில் பெண்கள் மூன்று பேர்: தமாம், அவள் மாமியார், மகள் ஜுமானா. என் தங்கைதானே என்று எண்ணாமல் ஒரு கொத்தாக அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

தேர்தல் நாள் காலையில் நக்லே கடையில் கூட்டம் நெரிந்தது. வதீஹா தன் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு ரொட்டியில் தடவ ஸாத்தர் மூலிகைப் பொடியும் ஆலிவ் எண்ணெயும் குழைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் சாய்ந்து சீட்டெல்லாம் எண்ணெய். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அதைப் போடுவாள், அல்லது போடாமல் விடுவாள். வதீஹாவுக்கு மனசு கேட்கவில்லை. பெக் பக்கத்துப் பெயர்களை அழுக்கோடு பெட்டியில் போடுவதா? பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தமாம் தன்னிடம் மிஞ்சிக் கிடந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினாள். எண்ணெய் பட்டதைக் குப்பையில் போடவும் வதீஹாவுக்குப் பயம். வீட்டில் மார் எலியாஸ் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, புதிய சீட்டோடு போய் ஓட்டுப் போட்டாள். மரியாதை கூடிப்போய்ச் செய்த தப்பு. எங்கள் ஊரில்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும்.

அன்று நான் பெண்கள் அறையில் இருந்தேன். நக்லே வீட்டிலிருந்து இரண்டு வர வேண்டும். ஒன்றுதான் வந்தது. தமாம் வீட்டிலிருந்து மூன்று வர வேண்டும். மூன்று கோடு போட்டுவிட்டேன். பிறகு அதிகாரி இன்னொரு சீட்டை எடுத்துப் படித்தார். ஒன்பதாவதாக ஜோசப்பின் பெயர் வந்தது. நான்காவது முறை. என் பென்சில் அந்தரத்தில் நின்றது.

நான் முட்டாளில்லை. இரண்டு வீடும் ஒட்டிய சுவர் என்பது எனக்குத் தெரியாதா? நடந்தது அந்த நிமிஷமே பாதிக்கு மேல் புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் இடம் ஒன்றுதான். ஜுமானாவுக்கும் அதன் மேல் கண். அவள் எந்தத் தேர்வும் எழுதவில்லை. ஒப்பந்த வேலைக்குத் தேர்வு வேண்டாம், பெக்கின் வாய் போதும். தங்கை ஆறு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். நான்காவது கோட்டை நான் போடவில்லை.

அடுத்த ஞாயிறு பெக் ஜனங்களைச் சந்திக்கும் நாள். பெரிய கூடத்தில் சுவரோரம் சுற்றி நாற்காலிகள், மனுக்களோடு நாற்பது பேர், நடுவில் ஜபமாலை உருட்டிக்கொண்டு பெக். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நான், மடியில் நோட்டு. நக்லே குடும்பத்தோடு வந்தான். ஒரு தாம்பாளம் நிறைய ரொட்டி, சூடாக. ரேமோந்தா கையில் அந்தக் கறுப்புப் பை.

"ஜெயிச்சிட்டோம் பெக் ஐயா! எலியாஸோட கத்தி நம்ம பக்கம்!" என்றான் நக்லே.

பெக் தாம்பாளத்தைப் பார்க்கவேயில்லை. "ஜெயிச்சிட்டோம்டா. உன் வீட்டுப் பொம்பளைங்கள்ல ஒருத்தி என்னை வித்துட்டா, அப்படியும் ஜெயிச்சிட்டோம்."

கூடத்தில் நாற்பது தலையும் நக்லே பக்கம் திரும்பியது. நக்லே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். என் பெண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டாள், என் மகள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அவன் திரும்பி மகளைப் பார்த்தான்.

"நீயா?"

"என்னப்பா கேக்குறீங்க? நீங்க குடுத்ததைத்தான் போட்டேன்."

"படிச்ச திமிரு! என் அன்னத்துல மண்ணைப் போட்டுட்டியே!"

அறைந்தான். நாற்பது பேர் முன்னால், இருபத்தாறு வயதுப் பெண்ணை. மாவு பிசைகிற கை அது. கைப்பை தரையில் விழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவன் மேல் ஆத்திரம் வருகிறது. பிறகு என் மேல்.

வதீஹா நடுவில் வந்து விழுந்தாள். "அவளை அடிக்காதீங்க! நான்தான். பெக் ஐயா, என் சீட்டுல எண்ணெய் கொட்டிருச்சு. அழுக்கோட போடக் கூடாதேன்னு தமாம்கிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டேன். உங்க சீட்டைத்தான் போட்டேன், சத்தியமா! எண்ணெய் பட்டது எலியாஸ் படத்துக்குப் பின்னால இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

பெக் ஜபமாலையை நிறுத்தினார். அவர் முட்டாளில்லை. நோட்டில் அதற்குப் பதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பினார்.

"அசாத். தமாம் வீட்டுப் பொம்பளைங்க சீட்டு எத்தனை வந்துச்சு?"

நான் நோட்டைப் புரட்டினேன். புரட்டத் தேவையே இல்லை. தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "மூணு, பெக் ஐயா. வீட்டுல மூணு பேர். சீட்டும் மூணு."

நிமிர்ந்தபோது ரேமோந்தா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் விரல் விரலாகச் சிவந்திருந்தது. மாவட்டத்தில் மூன்றாவதாக வந்த பெண். மூன்றும் ஒன்றும் நான்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெக் சிரித்தார். "எண்ணெய் கொட்டிருச்சாம்! நல்ல கதை. உன் பாட்டை விட உன் பொண்டாட்டி கதை நல்லாருக்குடா நக்லே." எழுந்து வந்து அவன் கன்னத்தில் தட்டினார். "போ. மன்னிச்சிட்டேன். எங்கப்பா தூக்கி வளர்த்த பிள்ளை நீ. ரொட்டி வழக்கம்போல அனுப்பு. பள்ளிக்கூடத்து விஷயம் அப்புறம் பாத்துக்கலாம்."

வேறு மனுஷனாக இருந்தால் அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பான். நக்லே அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். அதோடு விட்டானா? கண்ணில் நீர் வடிய அங்கேயே பாட்டுக் கட்டினான், பெக்கின் மன்னிப்புக் கடலைவிடப் பெரியது என்று. கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது ஜுமானா வேலைக்குச் சேர்ந்தாள். தமாம் எனக்கு ஒரு கிடா அறுத்து விருந்து வைத்தாள். ரேமோந்தா கடையிலேயே நின்றுவிட்டாள். சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பெக் வீட்டு மனத்தாங்கல் என்று காதில் விழுந்ததும் திரும்பிவிட்டார்கள். அப்பனும் மகளும் மூன்று வருஷம் ஒரே அடுப்பின் முன்னால் பேசாமல் நின்றார்கள். நான் தினமும் காலையில் போவேன். ஊரில் வேறு அடுப்பு கிடையாது, அதற்கும் காரணம் சொல்லிவிட்டேன். ரேமோந்தா ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டுவாள். "காசு அங்க வைங்க மாமா" என்பாள். மாமா என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுவாள்.

நக்லே ஒரு பிப்ரவரிக் காலையில் அடுப்புக்கு முன்னாலேயே விழுந்து செத்தான். கையில் அந்த நின்றுபோன கடிகாரம். பெக்கின் பெயர் போட்ட மணி அவனுக்காக அடித்தது. பெக்கே வந்தார். சவப்பெட்டியின் முன் கட்டையை நாலு எட்டுத் தூக்கினார், படம் எடுக்கிறவன் எடுத்து முடிக்கும் வரை. "நீங்கதான் என்னைப் புதைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஆசை நிறைவேறியது.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் துக்கம் கேட்கும் வரிசை. கசப்புக் காப்பி சுற்றிக்கொண்டிருந்தது. பெக் ரேமோந்தா முன்னால் நின்று அவள் தலையில் கை வைத்தார்.

"உங்கப்பன் எனக்கு அண்ணன் மாதிரிம்மா. உனக்கு என்ன வேணுமோ கேளு. வெக்கப்படாதே. நான் இருக்கேன்."

அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் கை காற்றில் நின்றது. "எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம்" என்றாள், குரலை உயர்த்தாமல். பிறகு அந்தக் கறுப்புக் கைப்பையைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் அதை வெளியே எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, பெக்கைத் தாண்டிக் கையை நீட்டி, எனக்குக் கொடுத்தாள்.

"இதையும் எண்ணிக்குங்க, அசாத் மாமா. அம்மாவோடது. அப்பா சாகற வரைக்கும் நம்பவே இல்ல."

"என்ன அது?" என்றார் பெக்.

"ஒண்ணுமில்ல, பெக் ஐயா" என்றேன்.

வரிசை நகர்ந்தது. நான் வெளியே வந்து, சுவரோரம் நின்று தாளைப் பிரித்தேன். எண்ணெய் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. ஸாத்தர் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. மருந்துக்கடை ஜோசப்பின் பெயர் நான்காவதாக இருந்தது.